ஒரு பச்சை ஸ்வெட்டரும் ஆறு குல்லாக்களும்



கோத்தகிரியில் குளிர் வந்துவிட்டது. மழை ஓய்ந்து பத்து நாளாகிறது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. மேகம் இல்லாத ராத்திரிதான் மலையில் மோசமான ராத்திரி. மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி பூமியின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இல்லையென்றால் அத்தனை சூடும் மேலே போய்விடும். ஊட்டியில் புல்லெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது என்று பேப்பரில் படம் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் அந்த அளவுக்கு உறைபனி இல்லை. ஆனாலும் காலையில் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவினால் விரல் மரத்துப் போகிறது.

குளிர் வந்தால் நான் உல்லன் நூலையும் ஊசியையும் எடுத்துவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்டாஃப் ரூமில், பஸ்ஸில், பரீட்சை பேப்பர் கட்டு வருவதற்குக் காத்திருக்கும்போது என்று எப்போதும் என் கையில் ஏதோ ஒன்று பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும். அரையாண்டு லீவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் யாருக்காவது எதையாவது பின்னிக் கொடுப்பேன். பாளையங்கோட்டைச் சொந்தங்களையும் விட்டதில்லை. என் தங்கைக்கு ஒரு வருஷம் முழுக்கை ஸ்வெட்டர் அனுப்பினேன். "இதப் போட்டுக்கிட்டு நான் எங்கக்கா போவேன், ஐஸ் பேக்டரிக்கா?" என்று கேட்டாள். இன்றைக்கும் அதை ரயிலில் ஏசி பெட்டியில் போகும்போது மட்டும்தான் போடுகிறாள்.

நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். "டீச்சர், நம்ம ஸ்கூல்ல ஏன் பையன்களுக்கும் பின்னல் சொல்லிக்கொடுத்தீங்க? ஏன் சீட்டுக் குலுக்கிப் போட்டீங்க? கிஃப்ட் கொடுக்கிற அன்னைக்கு ஏன் யாரையும் கை தட்ட விடல?" நான் ஒவ்வொரு முறையும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையான காரணத்தை இன்று எழுதுகிறேன். அதில் என் தப்பு ஒன்று இருக்கிறது. நாற்பது வருஷமாக அதைச் சொல்லவில்லை.

நான் இந்த மலைக்கு வந்தது 1982இல். வயது 24. ஊரில் மார்கழியிலும் மின்விசிறி போட்டுத் தூங்கியவள். இங்கே வந்த முதல் வாரம் இரண்டு புடவையை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். எங்கள் தையல் டீச்சர்தான் என்னைத் தன் அறையில் சேர்த்துக்கொண்டு, மாலை நேரத்தில் பின்னல் சொல்லிக்கொடுத்தார். "கணக்கு டீச்சருக்கு இது சுலபம்மா. எண்ணத் தெரிஞ்சா போதும்" என்பார். இரண்டு மாதம் பின்னினேன், பிரித்தேன், பின்னினேன். இரண்டாவது வருஷம் ஒரு முழு ஸ்வெட்டர் முடித்தேன்.

1985. ஆறாம் வகுப்பில் ஒரு பையன். (பெயர் போடவில்லை. இதை எழுதலாமா என்று அவனிடமே போனில் கேட்டேன். "எழுதுங்க டீச்சர், ஆனா என் பேரு வேண்டாம்" என்றான். அந்த செட் பிள்ளைகளுக்கு யார் என்று தெரியும். தெரிந்தவர்கள் கமெண்டில் போடாதீர்கள்.) இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இங்கே வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசாங்கம் நீலகிரியில் தேயிலை பயிரிட்டு, அதுதான் பிறகு டான்டீ ஆனது. அவன் அம்மாவும் அப்பாவும் அந்தத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து மலை ஏறியவர்கள்.

அந்த டிசம்பரில் அவன் தினமும் ஸ்வெட்டர் இல்லாமல் வந்தான். முதல் பீரியடில் கையை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எழுதச் சொன்னால் பென்சில் நிற்காது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சம்பளம் வந்ததும் பாட்டில் பச்சை நிறத்தில் உல்லன் நூல் வாங்கி வந்து, அவனை ஒத்த உயரமுள்ள இன்னொரு பையனை நிறுத்தி அளவு எடுத்தேன். இருபது ராத்திரி பின்னினேன். தையல் டீச்சர் தூங்கிய பிறகும் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு பின்னினேன். நெஞ்சுப் பகுதியில் கயிறு முறுக்கின மாதிரி ஒரு டிசைன்கூடப் போட்டேன்.

அரையாண்டு லீவுக்கு முந்தைய நாள் அவனை வகுப்புக்கு முன்னால் கூப்பிட்டேன். ஸ்வெட்டரை எடுத்து, நானே அவனுக்குப் போட்டுவிட்டேன். அளவு கச்சிதமாக இருந்தது. "இல்லாதவங்களுக்குக் கொடுக்கிறதுதான் பண்டிகை" என்று நாலு வார்த்தை பேசினேன். எல்லோரையும் கை தட்டச் சொன்னேன். 43 பிள்ளைகள் கை தட்டினார்கள். அவன் தலையைக் குனிந்து நின்றான். கூச்சம் என்று நினைத்தேன். அன்று ராத்திரி எனக்கு அவ்வளவு நிம்மதியான தூக்கம்.

லீவு முடிந்து வந்தான். ஸ்வெட்டர் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்டா, பெட்டியில வச்சுப் பூஜை பண்றியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் பேசவில்லை.

மறுநாள் மதியம் அவன் அம்மா வந்தார். இலை பறிக்கிற வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். இடுப்பில் படுதா அப்படியே கட்டியிருந்தது. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் அந்த ஸ்வெட்டர். துவைத்து, மடித்து, மேலே ஒரு சுருக்கம் இல்லாமல்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். இது வேண்டாம்" என்றார்.

"ஏம்மா, அளவு சரியில்லையா?" என்று கேட்டேன். என் புத்தி அவ்வளவுதான் போனது.

"பிள்ளைங்க இவனை ஓசி ஸ்வெட்டர்னு கூப்பிடுதுங்க. ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கிறான். அவன்கிட்ட ஸ்வெட்டர் இல்லாம இல்ல டீச்சர். ஒண்ணு இருக்கு. அவன் தங்கச்சிக்கு மூச்சிரைப்பு. பனி ஆகாது. எனக்குக் குளிரல, பாப்பாவுக்குப் போட்டு விடுங்கன்னு அவனேதான் கழட்டிக் கொடுத்தான். நாங்க நுவரெலியாப் பக்கத்து ஆளுங்க. குளிர் எங்களுக்குப் புதுசில்ல. எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் வந்தோம், ஆனா யார்கிட்டயும் கையேந்தல."

சத்தமே போடாமல் சொன்னார். பையை மேசையில் வைத்துவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். மறுபடி எடை போடும் நேரத்துக்குள் தோட்டத்துக்குப் போக வேண்டும் அவருக்கு.

நான் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வகுப்பிலேயே பெரிய கொடையாளி அந்தப் பதினொரு வயசுப் பையன். தன்னிடம் இருந்த ஒரே ஸ்வெட்டரைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அவனைத்தான் முன்னால் நிறுத்தி, கொடுப்பது எப்படி என்று வகுப்பெடுத்திருக்கிறேன்.

ராத்திரி தையல் டீச்சரிடம் சொல்லி அழுதேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "பிரிச்சுடு" என்றார். கழுத்துப் பக்கம் கடைசிக் கண்ணியின் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். இழுத்தேன். இருபது ராத்திரி வேலை ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. பிரித்த நூல் எப்படி இருக்கும் தெரியுமா? இடியாப்பம் மாதிரி சுருள் சுருளாக இருக்கும். அதை அப்படியே மறுபடி பின்னினால் மேடும் பள்ளமுமாக வரும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் தொங்கவிட வேண்டும். காய்ந்த பிறகு நூல் நேராகிவிடும். பழைய வளைவு கொஞ்சம் மிச்சம் இருக்கும். அது பரவாயில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பின்னல் வகுப்பு தொடங்கியது இப்படித்தான். ஊசி வாங்கக் காசு இல்லை. மூங்கில் குச்சியைச் சீவி, உடைந்த கண்ணாடிச் சில்லால் வழித்து, மெழுகுவர்த்தி தேய்த்து நீங்களே செய்தீர்கள். வீட்டில் கிழிந்த ஸ்வெட்டர் எது இருந்தாலும் பிரித்துக் கொண்டுவரச் சொன்னேன். பச்சை நூலை மூன்று உருண்டையாகச் சுற்றி அந்தக் கூடையில் கலந்து போட்டேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அவன் கூடையைப் பார்த்ததும், "அந்தப் பச்சை எனக்கு வேணும் டீச்சர்" என்றான். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

சீட்டுக் குலுக்கியது எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். ஒவ்வொருவரும் சீட்டில் வந்த ஒருவருக்குப் பின்ன வேண்டும். ஒவ்வொருவருக்கும் இன்னொருவர் பின்னியது கிடைக்கும். கொடுக்காதவர் யாரும் இல்லை, வாங்காதவரும் யாரும் இல்லை. பழைய பேப்பரில் சுற்றி, பெயர் மட்டும் எழுதி, அரையாண்டு லீவுக்கு முந்தைய நாள் அவரவர் பெஞ்சில் வைத்துவிட வேண்டும். பேச்சு கிடையாது, கை தட்டல் கிடையாது.

1986 டிசம்பரில் வந்த பரிசுகளை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. ஒரு மஃப்ளர் ஒரு முனையில் ஒரு சாண் அகலமாகத் தொடங்கி, வழியெல்லாம் கண்ணி நழுவி, மறு முனையில் ரிப்பன் மாதிரி முடிந்திருந்தது. ஒரு சாக்ஸில் குதிகாலே இல்லை. ஒருத்தி பின்னிய குல்லா அவள் தோழியின் கழுத்து வரை இறங்கிவிட்டது, மூச்சு விட ஓட்டை வெட்டலாமா என்று கேட்டாள். எல்லாவற்றையும் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். மேட்டில் ஏறும் பஸ்ஸில் பார்த்தவர்கள் ஏதோ சர்க்கஸ் கம்பெனி போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

அவன் சீட்டில் வந்தவனுக்கு ஒரு மஃப்ளர் பின்னினான். மீந்த பச்சை நூலில் அம்மாவுக்குத் தலையில் கட்ட ஒன்று பின்னினான்.

அந்தப் பொங்கலுக்கு மறுநாள் அவர் எங்கள் அறைக்கு வந்தார். தலையில் பச்சைக் கட்டு. கையில் ஒரு தூக்கு. தேங்காய் ரொட்டியும் சம்பலும். எனக்கு ஒரு கொள்கை உண்டு, உங்களுக்கும் தெரியும்: பெற்றோர்களிடம் எதையும் வாங்க மாட்டேன். நாலு காய் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. வழக்கம் போல, "எதுக்கும்மா இதெல்லாம்" என்று தொடங்கினேன்.

"வாங்கிக்கங்க டீச்சர்" என்றார். என் முகத்தை நேராகப் பார்த்தார். போன வருஷம் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த அதே பார்வை.

வாங்கிக்கொண்டேன். மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சம்பல் காரத்தில் தையல் டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர். கொடுக்க மட்டும் தெரிந்து வாங்கத் தெரியாதவள், கொடுக்கும்போதெல்லாம் அடுத்தவரைவிட ஒரு படி மேலே நின்றுதான் கொடுக்கிறாள். அன்றைக்கு எனக்கு அது விளங்கியது. விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இனி சொல்லப்போவதற்கு யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வருஷம் நான் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்தேன் அல்லவா? உங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பணம் போட்டு ஹீட்டர் வாங்கி வந்தீர்கள். நல்ல கம்பளிச் சால்வை ஒன்றைப் போர்த்தினீர்கள். கை தட்டினீர்கள். போட்டோ எடுத்து, "தனியாக வசிக்கும் எங்கள் ஆசிரியைக்கு எங்களால் முடிந்த உதவி" என்று போட்டீர்கள். இருநூறு லைக்.

நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் நீங்கள் போன பிறகு அந்தச் சால்வையை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். குளிரிலும் எடுக்கவில்லை. ஹீட்டரை ஸ்விட்ச் போடவில்லை. ஏன் என்று எனக்கே புரியவில்லை. ஒரு வாரம் கழித்துப் பழைய டிரங்குப் பெட்டியில் ஏதோ தேடும்போது பச்சை நூல் ஒரு சின்ன உருண்டை கிடைத்தது. அப்போதுதான் அந்தப் பையன் தலை குனிந்து நின்றது ஞாபகம் வந்தது. அவனுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று முதல் முறையாக முழுசாகத் தெரிந்தது. உங்கள் மேல் தப்பில்லை. நீங்கள் யாரிடம் படித்தீர்கள்? 1985இல் நான் செய்ததை நீங்கள் எனக்குச் செய்தீர்கள். அன்பில் குறை இல்லை.

பீரோவைத் திறந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். இப்போது எழுதும்போதும் அதுதான் தோளில் இருக்கிறது. நல்ல சூடு.

சரி, இந்த வருஷ விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துத் தோட்டத்து லைன் வீடுகளில் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. இப்போது மலைப்பகுதிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே கம்பளிச் சட்டை கொடுக்கிறது. பள்ளிக்கூடம் போகிற வயசு வராத வாண்டுகளுக்கு இல்லை. ஆறு வாண்டுகள் காதில் துணி கட்டாமல் வெளியே ஓடுவதைப் பார்த்தேன். ஆறு குல்லா என்று முடிவு செய்தேன்.

ஆனால் பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலும் ஊசியுமாகப் போய் அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தேன். எனக்கு இந்தி வராது, அவர்களுக்குத் தமிழ் இப்போதுதான் வருகிறது. மணிக்கட்டு வலியில் நான் நாலு கண்ணிக்கு ஒரு முறை கையை உதறுவதைப் பார்த்து ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். "குடுங்கம்மா" என்று ஊசியை வாங்கினாள். நான் ஒரு வரிசை முடிக்கும் நேரத்தில் அவள் மூன்று வரிசை முடித்தாள்! அவர்கள் ஊரிலும் குளிர்காலம் உண்டாம், அம்மாவிடம் கற்றதாம். நூலை அவள் விரலில் பிடிக்கிற விதமே வேறு. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பிடியில் எனக்கு வலி குறைவாக இருக்கிறது. 67 வயதில் ஒரு புதுப் பாடம். ஆறில் இரண்டு குல்லாவை அவளே பின்னிக்கொள்கிறேன் என்று நூல் வாங்கிக்கொண்டாள். மீதி நாலு என் பொறுப்பு.

கணக்கு டீச்சர் கணக்கு சொல்லாமல் விடமாட்டேன். மூன்று வயசுக் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 48 செ.மீ. பின்னல் இழுபடும் என்பதால் ஐந்து செ.மீ. குறைத்து 43 என்று வையுங்கள். நம்முடைய நாலு இழை நூலில், எட்டாம் நம்பர் ஊசியில், என் கைக்கு 10 செ.மீ.க்கு 22 கண்ணி விழுகிறது. அப்படியானால் ஏறக்குறைய 95 கண்ணி. ஆனால் விளிம்பில் இரண்டு நேர், இரண்டு மறு என்று பின்னுவதற்கு 4ஆல் வகுபட வேண்டும். உச்சியில் எட்டு பாகமாகக் குறைத்துக்கொண்டு போவதற்கு 8ஆலும் வகுபட வேண்டும். 95க்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட எண் எது? பின் பெஞ்ச், சத்தமாகச் சொல்லுங்கள். 96. மீ.பொ.ம. எதுக்கு டீச்சர் வாழ்க்கையில் உதவும் என்று கேட்டவன் இப்போது துபாயில் இருக்கிறான். அவனும் படிக்கட்டும்.

நாலு குல்லாவுக்கும் விளிம்பு முடித்துவிட்டேன். அதற்கு மேல் என் மணிக்கட்டு ஒரு நாளைக்குப் பத்து வரிசைக்கு மேல் விடுவதில்லை. இந்தக் கணக்கில் போனால் குல்லா முடியும்போது பங்குனி வெயில் வந்துவிடும்.

அதனால் ஒரு உதவி கேட்கிறேன். ஆமாம், நானாகத்தான் கேட்கிறேன். மலையில் இருப்பவர்கள், லீவுக்கு வருபவர்கள், டிசம்பர் சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வாருங்கள். ஆளுக்கு நாலு வரிசை போடுங்கள். மறந்து போயிருந்தால் பத்து நிமிஷத்தில் கை தானாக ஞாபகப்படுத்திக்கொள்ளும். லைன் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளோடு வரச் சொல்லியிருக்கிறேன். ஹீட்டர் போட்டு வைக்கிறேன். டீயும் வர்க்கியும் உண்டு.

போட்டோ வேண்டாம், பொன்னாடை வேண்டாம். ஆனால் வெறுங்கையோடும் வராதீர்கள். சாப்பிட ஏதாவது கொண்டு வாருங்கள், மறுக்காமல் வாங்கிக்கொள்வேன். அவன் இப்போது கோயம்புத்தூரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு முதல் சனிக்கிழமையே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. தேங்காய் ரொட்டி மட்டும் இன்னும் அவர்தான் சுடுகிறாராம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்